நான்காம் ஹார்னின் தகுதிகாண் ஆண்டு

ஷிராசாகி சிம்பொனி இசைக்குழுவின் முதல் கச்சேரி 1952 ஏப்ரல் 12 அன்று, ஷிராசாகி நகர இரண்டாம் நடுநிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வாசித்தவர்கள் நாற்பத்து மூவர்: பள்ளி இசையாசிரியர்கள், ரயில்வே பணிமனையின் ஊதுவாத்தியக்காரர்கள், துறைமுகத்து மீன் டப்பா ஆலையின் ஊழியர் வாத்தியக் குழுவினர். ஒபோ என்ற ஊதுவாத்தியத்துக்கு ஆள் கிடைக்காததால் அதன் பகுதியை ஒரு கிளாரினெட் வாசித்தது. 1971இல் குழு அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்பட்டது. 1984இல் நகராட்சி மண்டபம் கட்டப்பட்டு, அதுவே குழுவின் இருப்பிடமாயிற்று.

எழுபது ஆண்டு நிகழ்ச்சி நிரல்களை வகைப்படுத்திப் பார்த்தால், வழக்கமான கச்சேரிகளில் பாதிக்கு மேல் ஜெர்மன், ஆஸ்திரிய இசையமைப்பாளர்களின் படைப்புகள். அடுத்த இடம் த்வோரக்குக்கும் சைகோவ்ஸ்கிக்கும். எண்பதுகளில் வந்த ஓர் இசை நடத்துநரின் பிடிவாதத்தால் சிபேலியஸ் சேர்ந்தார். நடத்துநர் போன பிறகும் சிபேலியஸ் தங்கிவிட்டார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஜப்பானிய இசையமைப்பாளர் ஒருவரின் புதிய படைப்பு அரங்கேறும். அவற்றுள் இரண்டாம் முறை வாசிக்கப்பட்டவை மூன்றே. எண்ணிக்கையில் எல்லாவற்றையும் விஞ்சுவது எந்த நிரலிலும் அச்சிடப்படாத ஒன்று. பள்ளிச் சுற்றுப்பயணங்களில் அந்தந்தப் பள்ளியின் பள்ளிப் பாடலைக் குழு முழு வாத்தியங்களோடு வாசிக்கும். பிள்ளைகள் எழுந்து நின்று பாடுவார்கள்.

பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைக் குழு முதலில் வாசித்தது 1963 டிசம்பரில். டப்பா ஆலைப் பெண்களும் ரயில்வேக்காரர்களும் இரண்டு பல் மருத்துவர்களும் அடங்கிய ஊரார் பாடகர் குழு, ஜெர்மன் சொற்களைக் கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்து பாடியது. அதன் பிறகு, மண்டபம் கட்டப்பட்ட ஆண்டு தவிர, ஒன்பதாவது இல்லாத டிசம்பர் ஷிராசாகியில் இல்லை. பாடுகிறவர்களின் உறவினர்கள் எல்லாரும் சீட்டு வாங்குவார்கள். அந்த இரண்டு நாள் வசூலில்தான் புதிய படைப்புகளின் நஷ்டம் ஈடாகிறது.

அந்தச் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், மெல்ல நகரும் இசைக்கு நடுவே, நான்காம் ஹார்னுக்கு ஒரு தனி வாசிப்பு உண்டு. ஹார்ன் என்பது சுருண்ட பித்தளைக் குழாய்களாலான ஊதுவாத்தியம்; அதன் வரிசையில் நால்வர். பெரிய வாசிப்புகள் முதலாமவருக்கே வரும். நான்காமவர் கீழ் ஸ்வரங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் யார் காதிலும் தனியாக விழாமல் காலம் தள்ளுபவர். பேத்தோவன் இந்த இடத்தை ஏன் கடைசி நாற்காலிக்குக் கொடுத்தார் என்பதற்குப் பல விளக்கங்கள் இருக்கின்றன, எதுவும் நிறுவப்படவில்லை. வேறு சில குழுக்களில் முதலாமவரோ மூன்றாமவரோ இதை வாங்கி வாசிப்பதுண்டு. ஷிராசாகியில் 1963 முதல் நான்காமவரே வாசித்து வந்தார், 2018 டிசம்பர் 22 வரை.

மினெகிஷி மியாகோ 1981இல் யமனாஷி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை டயர் கடை வைத்திருந்தார். நடுநிலைப் பள்ளி ஊதுவாத்திய மன்றத்தில் சேர்ந்தபோது அவர் கேட்டது புல்லாங்குழல். நான்கு இடங்களுக்கு ஒன்பது பேர் போட்டி. கல், கத்தரி, காகிதம் என்று கை நீட்டும் விளையாட்டில் தோற்றவர்களுக்கு மிச்சமிருந்த வாத்தியங்கள் கிடைத்தன. மினெகிஷிக்கு ஹார்ன் வந்தது.

இசைக் கல்லூரி முடித்த பின் அவர் வாழ்ந்த வாழ்க்கை இத்துறையில் பலருக்கும் உரியது. யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்கள்; அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். மற்ற நாட்களில் ஒரு ரொட்டிக் கடையில் காலை வேலை. சனி, ஞாயிறுகளில் பள்ளி மன்றங்களுக்குப் பயிற்சி. நிரந்தர இடம் என்பது தேர்வில் வென்றால் மட்டும் கிடைப்பதன்று. திரைக்குப் பின்னால் வாசித்துத் தேர்வாக வேண்டும். பின் ஓராண்டு தகுதிகாண் பருவம். அதன் முடிவில் குழுவின் உறுப்பினர் அனைவரும் இரகசியமாக வாக்களிப்பார்கள். ஷிராசாகியின் விதிப்படி வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். வெற்றுச் சீட்டு ஆதரவாகக் கொள்ளப்படாது.

மினெகிஷி ஏற்கெனவே இரண்டு முறை அந்த வாக்கெடுப்பு வரை போனவர். 2009இல் ஒரு குழுவில் தோற்றார். 2014இல் வேறொரு குழுவில் தோற்றார். இரண்டாவது குழு சொன்ன காரணம் ஒரே வரி: ஒலி கலக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான தேர்வு அறிவிப்புகள் முப்பத்தைந்தோடு கதவை மூடிவிடும். ஷிராசாகி வயது வரம்பு வைக்கவில்லை. 2018 பிப்ரவரியில் நான்காம் ஹார்னாக அவர் தகுதிகாண் பருவத்தைத் தொடங்கினார். வாக்கெடுப்பு அடுத்த ஜனவரியில். இதுவும் போனால் நான்காவது வாய்ப்பு என்று ஒன்று இல்லை.

அவ்வாண்டு முழுவதும் அவர் குற்றமின்றி வாசித்தார். எனினும் அவரைப் பற்றிக் கருத்துச் சொல்லும் அளவுக்கு யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. நான்காம் ஹார்னின் நிலைமை அப்படி. டிசம்பர் வந்தது. மூன்றாம் பகுதியின் அந்த இடம் வந்தது. ஐம்பத்தேழு வாக்காளர்களும் ஒரே நேரத்தில் அவரை மட்டும் கேட்கப்போவது அங்கேதான்.

டிசம்பர் 22, சனிக்கிழமை காலை, இறுதி ஒத்திகை. மினெகிஷி வாசித்தார். பிசிறில்லை. ஸ்வர வரிசை ஏறி, திரும்பி, இறங்கி அமர்ந்தது. பகுதி முடிந்ததும் இசை நடத்துநர் கிளாரினெட் பக்கம் கை காட்டினார். உடனே மேடையெங்கும் செருப்புகள் தரையில் சரசரத்தன. கையில் வாத்தியம் இருப்பதால் உறுப்பினர்கள் கை தட்டுவதில்லை. ஒருவர் நன்றாக வாசித்தால் மற்றவர்கள் காலைத் தரையில் தேய்ப்பார்கள். அதுதான் சகாக்களின் பாராட்டு. அடுத்து நடத்துநர் ஹார்ன் வரிசையைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு கால் கூட அசையவில்லை.

2014இல் அந்த இரண்டாவது குழுவிலும் இப்படித்தான் நடந்திருந்தது. ஓராண்டு அசையாத கால்கள், பிறகு வாக்குச் சீட்டு. மினெகிஷி ஹார்னைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே தேங்கிய நீரைத் துணியில் சொட்டவிட்டார். சொட்டு நின்ற பிறகும் திருப்பிக்கொண்டே இருந்தார்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே ஹார்ன் வரிசைத் தலைவர் கமியாவிடம் போனார். கமியா நாற்பது வயதுக்காரர்; அந்த ஏப்ரலில்தான் முதல் ஹார்னாகப் பொறுப்பேற்றிருந்தார்.

"கமியா-சான், ஒரு விஷயம். மூணாவது பகுதியில அந்த சோலோ... ஒரிதா-சான் வாசிச்சா நல்லாருக்கும்னு தோணுது."

கமியாவின் சாப்பாட்டுக் குச்சி பாதியில் நின்றது. "காலையில நல்லாத்தானே போச்சு?"

"எனக்குத் திருப்தியில்ல."

"நிஜமாத்தான் சொல்றீங்களா? ஜனவரி வருது. யோசிச்சுக்கங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். நான் கெடுத்தா வரிசைக்கே கெட்ட பேரு."

கமியா மறுக்கவில்லை. வாக்கெடுப்புக்கு முன்னால் ஆபத்தைத் தவிர்க்கிறார், விவரமானவர்தான் என்று நினைத்ததாக அவர் பின்னர் கூறினார். எதிர் மேசையில் மூன்றாம் ஹார்ன் ஒரிதா பொரித்த கோழியைக் கடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது, மார்ச்சில் ஓய்வு. கமியா விஷயத்தைச் சொன்னதும் மென்று முடிக்காமலே பேசினார்.

"என்னது? அதை எனக்கா? முப்பத்தினாலு வருஷமா அந்த இடம் வரும்போதெல்லாம் கையைக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கேன்யா. முன்னாடி நாலாவதா இருந்தவன் முப்பத்தொம்பது டிகிரி ஜுரத்துலயும் விட்டுக் குடுக்கல. போத்தல்ல கஞ்சி எடுத்துக்கிட்டு வந்து வாசிச்சான்." பிறகு மினெகிஷியைப் பார்த்தார். "நிச்சயந்தானா? அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

இசைத்தாள்களை மாற்றிக்கொண்டார்கள். அன்று பிற்பகல் கச்சேரியில், மூன்றாம் பகுதிக்கு மட்டும், ஒரிதா நான்காவதை வாசித்தார். மினெகிஷி மூன்றாவதை வாசித்தார். ஒரிதா நன்றாகவே வாசித்தார்.

மறுநாள், ஞாயிறு. இரண்டாவது கச்சேரி பிற்பகலில். அதற்கு முன் ஒலி சரிபார்க்க ஒரு சிறிய ஒத்திகை. மண்டபத்தின் பின்வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பானம் விற்கும் இயந்திரத்தில் சூடான டப்பா சோளச் சாறு வாங்கிக் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார் நிஷிவாகி. வயோலா வாசிப்பவர், உறுப்பினர்களின் பணிமுறையைக் கவனிக்கும் பொறுப்பும் அவருடையது. வாக்கெடுப்பை நடத்துபவரும் அவரே. ஐம்பது வயதுப் பெண்மணி. ஒளித்துப் பேசும் பழக்கம் இல்லாதவர்.

"மினெகிஷி-சான். நேத்து என்ன பண்ணி வெச்சீங்க?"

"என்ன?"

"சோலோவை ஏன் குடுத்தீங்க? எங்க வரிசைல நேத்து முழுக்க அதே பேச்சு. நாம எடுக்கப்போறது நாலாவது ஹார்னா, இல்ல மூணாவதுக்கு இன்னொரு ஆளான்னு ஒருத்தர் கேக்கறாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

மினெகிஷி சொன்னார். "நேத்து காலையில ஒத்திகையில யாரும்... கால் அசைக்கல. கிளாரினெட்டுக்கு அசைச்சாங்க. எனக்கு இல்ல. புரிஞ்சுது. அதான்."

நிஷிவாகி டப்பாவைக் கீழே வைத்தார். "ஐயோ கடவுளே. உங்களுக்குச் சொல்லலியா?"

"எதை?"

"தகுதிகாண் பருவத்துல இருக்கறவங்களுக்கு நாங்க யாரும் கால் அசைக்க மாட்டோம். எப்படி வாசிச்சாலும் சரி. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒரு ட்ரம்பெட்காரனுக்கு வருஷம் முழுக்க அசைச்சோம். அவன் நிச்சயம்னு நெனச்சு வீடு வாங்கிட்டான். ஓட்டுல தோத்துட்டான். அன்னிக்கி அவன் நின்ன கோலத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணினோம், இனிமே ஓட்டுக்கு முன்னாடி யாருக்கும் எந்த சாடையும் காட்டறதில்லன்னு. எங்கயும் எழுதி வைக்கல. புதுசா வர்றவங்களுக்கு வரிசைத் தலைவர் சொல்லிடுவாரு."

கமியா சொல்லவில்லை. முதல் ஹார்ன் இடம் காலியாக இருந்த மாதங்களில் வரிசையைக் கவனித்த ஒரிதா சொல்லியிருப்பார் என்று கமியா நினைத்திருந்தார். வரப்போகும் தலைவர் சொல்வார் என்று ஒரிதா விட்டிருந்தார். பத்து மாதங்களில் மினெகிஷிக்குத் தனி வாசிப்பே வராததால் எந்தக் காலும் அசைய வேண்டிய தேவை எழவில்லை. குறை வெளிப்படவும் இல்லை.

"நேத்து காலையில நீங்க வாசிச்சப்போ என் காலை இன்னொரு காலால மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் நிஷிவாகி. சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "இதுவும் சொல்லக் கூடாது. நான் சொல்லல. நீங்க கேக்கல."

ஒரிதா ஏற்கெனவே மேடையில் இருந்தார், மேல்சட்டையைக் கழற்றாமல், தனியாக அந்த ஸ்வர வரிசையை வாசித்துக்கொண்டு. மினெகிஷி அருகே போய் நின்று, இடுப்பு வரை குனிந்தார்.

"ஒரிதா-சான். சோலோவைத் திருப்பிக் குடுங்க."

ஒரிதா ஹார்னை மடியில் இறக்கினார். "நேத்து என்ன சொன்ன?"

"கேக்க மாட்டேன்னு சொன்னேன்."

"இப்ப என்ன பண்ற?"

"கேக்கறேன்."

கால் விஷயத்தை அவர் விளக்கினார். ஒரிதா கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அது எங்க தப்புதான். மன்னிச்சுக்கோ. ஆனா முடியாது. இன்னிக்கி என் பொண்ணு சப்போரோல இருந்து வர்றா. விமானத்துல இருந்து இறங்கிட்டா. நேத்து போன்ல சொல்லிட்டேன், இன்னிக்கி உங்கப்பன் தனியா வாசிக்கறான் பாருன்னு. அவ பொறந்ததுல இருந்து நான் வாசிக்கறதைத் தனியாக் கேட்டதில்ல. வீட்ல பயிற்சி பண்றதைத் தவிர. அது அவளுக்கு எருமை கத்தற மாதிரி இருக்குமாம். மார்ச்சோட நான் போயிடறேன். உனக்கு அடுத்த டிசம்பர் இருக்கு."

"இன்னிக்கி வாசிக்கலன்னா எனக்கு அடுத்த டிசம்பர் இல்ல."

"அது உன் கவலை." குரலில் கடுமை இல்லை, உறுதி இருந்தது. "எனக்கு எப்படியும் இல்ல."

மேலிருக்கும் இசை நடத்துநரிடம் நேரே போய் முறையிடலாம். அப்படிச் செய்த ஒருவருக்கு வரிசையின் ஆதரவு அன்றோடு முடிந்துவிடும். கமியா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூணாவதும் நாலாவதும் பேசி முடிக்க வேண்டிய விஷயம்" என்று சொல்லி விலகிக்கொண்டார். மினெகிஷி தன் இடத்தில் உட்கார்ந்தார். தாங்கியில் மூன்றாம் ஹார்னின் தாள் இருந்தது.

ஒத்திகையில் நடத்துநர் சில இடங்களை மட்டுமே தொட்டார். மூன்றாம் பகுதிக்கு வந்ததும், நேற்று சற்று அவசரமாகப் போய்விட்டது, இன்று இன்னும் நிதானமாகப் போகலாம் என்று சொல்லி, ஹார்ன் பகுதிக்குச் சற்று முன்னிருந்து தொடங்கினார். நிதானம் என்றால் நீளம். ஒரிதா வாசித்தார். ஏற்றத்துக்கு முன் நேற்று இல்லாத ஒரு மூச்சு கேட்டது.

"ஒரிதா-சான், அங்க உடைக்காம போக முடியுமா?"

"சரி, மாஸ்ட்ரோ."

மீண்டும். இந்த முறை மூச்சு ஏற்றத்தின் நடுவே வந்தது. ஒரு ஸ்வரம் கால் தடுக்கியது போல் அமுங்கி எழுந்தது.

"பரவாயில்ல. உங்களுக்கு வசதியா எடுத்துக்கங்க" என்றார் நடத்துநர். வேகத்தை அவர் மாற்றப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

ஒத்திகை முடிந்ததும் வாத்தியப் பெட்டிகள் அடுக்கிய நடைபாதையில் ஒரிதா மினெகிஷியை நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது.

"மூணாவது தாளைக் குடு. நீ வாசி."

மினெகிஷி வாய் திறக்குமுன் கையை உயர்த்தினார். "நன்றி சொல்லாத. ரெண்டு நிபந்தனை இருக்கு. என் பொண்ணுகிட்ட நீயே போய்ச் சொல்லணும். என்னால முடியாது. பேரு மாஹோ, பச்சைக் கோட்டு போட்டிருப்பா, கீழ வரவேற்புக் கூடத்துல நிக்கறா."

"சொல்றேன். இன்னொண்ணு?"

"எனக்கு மூச்சு பத்தலன்னு சொல்லக் கூடாது. அதை மட்டும் சொல்லாத. வேற என்ன வேணா சொல்லிக்கோ."

"வேற என்ன இருக்கு சொல்றதுக்கு?"

"அதை நீதான் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரவேற்புக் கூடம் பூங்கொத்துகளால் நிறைந்திருந்தது. பாடகர் குழுவினரின் கணவன்மார்களும் பேரப்பிள்ளைகளும் கோட்டுகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். கச்சேரிக்கான கறுப்பு உடையில் வாத்தியக்காரர் ஒருவர் அங்கே வருவது வழக்கமில்லை, எல்லாரும் வழிவிட்டார்கள். பச்சைக் கோட்டுப் பெண்ணுக்கு இருபத்தாறு வயதிருக்கும்.

"ஒரிதா மாஹோ-சான்தானே? நான் உங்கப்பாவோட வரிசையில வாசிக்கறேன். மினெகிஷி."

"அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"இல்ல, இல்ல. நல்லாருக்காரு." மினெகிஷி குனிந்தார். "இன்னிக்கி சோலோவை அவர் வாசிக்கல. நான் வாசிக்கறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

மாஹோவின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது. "ஏன்?"

"நான் கேட்டேன். அவர் குடுத்தாரு."

"நீங்க கேட்டீங்களா? அவர் மார்ச்சுல ஓய்வு பெறப்போறது தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சும் கேட்டீங்களா?"

"ஆமா. ஜனவரியில எனக்கு ஓட்டு இருக்கு. இதை வாசிக்கலன்னா என்னை எடுக்க மாட்டாங்க."

மாஹோ பக்கத்திலிருந்த தூணைப் பார்த்தாள். "சின்ன வயசுல கேட்டேன், அப்பா மேடையில நீங்க என்ன பண்றீங்கன்னு. எண்ணிக்கிட்டிருக்கேன்னாரு. வாசிக்காத நேரத்தை எண்ணறதுதான் மூணாவதோட வேலைன்னாரு. நேத்து போன்ல, இன்னிக்கி எண்ண மாட்டேன் பாருன்னாரு. அதுக்காக லீவு போட்டு வந்தேன்." பிறகு நேராகப் பார்த்துக் கேட்டாள். "அவர் நல்லா வாசிச்சிருப்பாரு இல்ல?"

"நேத்து ரொம்ப நல்லா வாசிச்சாரு. நான் கேட்டேன்."

"அப்ப நீங்க கெடுத்தா உங்களை மன்னிக்க மாட்டேன்" என்றாள் மாஹோ. "விளையாட்டுக்குச் சொல்லல."

முதல் இரண்டு பகுதிகள் முடிந்தன. அதன் பின், ஒவ்வோர் ஆண்டும் போல, பாடகர் குழு மேடையின் பின்படிகளில் ஏறியது. நூற்றெழுபதுக்கு மேற்பட்ட ஊரார். வெள்ளைச் சட்டை, கறுப்புப் பாவாடை, கறுப்புக் காற்சட்டை. மனப்பாடம் செய்த முகங்கள். அவர்கள் ஏறி நிற்கும் வரை இசை நிற்கும். திறந்த கதவுகள் வழியே பின்னரங்கக் குளிர் உள்ளே வந்தது. ஹார்ன் குளிர்ந்தால் சுருதி இறங்கும். மினெகிஷி ஒலி எழாமல் உள்ளே ஊதிச் சூடாக்கினார். ஊதினால் நீர் சேரும். ஒவ்வொரு குழாயாகக் கழற்றி உதறி மாட்டினார். கமியா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரிதா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நடத்துநர் கோலை உயர்த்தினார்.

ஒத்திகையை விடவும் நிதானமாக எடுத்தார். மினெகிஷி காத்திருந்தார், எண்ணினார், தன் மேல் விழும் கவனத்தைத் தோள்களில் உணர்ந்தார். முதல் வயலின் வரிசையில் யாரோ முதுகை நிமிர்த்துவது தெரிந்தது. இடம் வந்தது. முதல் ஸ்வரத்தின் விளிம்பில் ஒரு துளி நீர் கரகரத்தது. அரை நொடிக்கும் குறைவு. ஆனால் மேடையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். குழாயைக் கழற்ற நேரமில்லை. உதட்டை இறுக்கினால் கரகரப்பு உடைப்பாகிவிடும். அவர் உதட்டைத் தளர்த்தி, காற்றை மட்டும் கூட்டினார். கரகரப்பு கரைந்தது. தந்தி வாத்தியக்காரர்கள் மென்மையாகச் சுண்டிக்கொண்டிருக்க, ஒலி அகன்று நின்றது. ஏற்றத்துக்கு முன் அவர் மூச்சு வாங்கவில்லை. மற்ற எல்லாம் ஒதுங்கிய அந்த ஒரு வரியில் ஹார்ன் தனியே ஏறி, உச்சியில் அவசரப்படாமல் திரும்பி, கீழே இறங்கி மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. ஹார்னை மடியில் வைத்தபோது அவருக்குக் கண் இருண்டிருந்தது. பக்கத்தில் ஒரிதா முன்னே பார்த்தபடி அடுத்த நுழைவுக்கு எண்ணிக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிவில் நடத்துநர் ஹார்ன் வரிசை நால்வரையும் சேர்த்தே எழச் செய்தார். மாஹோ மேடைவாசலுக்கு வந்து தந்தையை மட்டும் அழைத்துக்கொண்டு போனாள்.

கருத்துகள் பிரிந்தே இருந்தன. முதல் ஸ்வரம் பிசிறியது என்றார்கள் சிலர். கொடுத்ததைத் திரும்ப வாங்கியவர், அதுவும் ஓய்வு பெறுகிறவரிடமிருந்து, என்றார்கள் வேறு சிலர். மூச்சு விஷயம் ஒத்திகையில் கேட்டவர்களுக்குத் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மினெகிஷியும் சொல்லவில்லை. இங்கே அதை எழுத ஒரிதா இசைந்தார். மகளிடம் தாமே பின்னொரு நாள் சொல்லிவிட்டதாகவும் கூறினார்.

2019 ஜனவரி 21, திங்கள், சிறு ஒத்திகை அறையில் உறுப்பினர் கூட்டம். வாக்குக்கு உள்ளாகிறவர் அறைக்குள் இருக்கக் கூடாது. மினெகிஷி வாகன நிறுத்தத்தில் தன் காரில் உட்கார்ந்திருந்தார். பனி கண்ணாடியை மூடியபோதும் துடைப்பானை இயக்கவில்லை.

உள்ளே, வழக்கப்படி வரிசைத் தலைவர் முதலில் பேசினார். கமியா கால் வழக்கத்தைத் தான் சொல்லாமல் விட்டதை ஒப்புக்கொண்டு தலைகுனிந்தார். செல்லோ வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அது தெரியாதுன்னே வெச்சுக்குவோம். கால் அசையலன்னா உடனே சோலோவை விட்டுடறதா? நாளைக்கு ஒரு பத்திரிகைல மோசமா எழுதினா நாற்காலியையே விட்டுடுவாங்களா?"

சிரிப்பு எழுந்தது. ஒரிதா உட்கார்ந்தபடியே பேசினார்.

"விட்டது தப்புதான். அதுக்கு நானே எதிரா ஓட்டுப் போட்டிருப்பேன். ஆனா மறுநாள் வந்து கேட்டா பாருங்க. என்கிட்ட. என் மூஞ்சிக்கு நேரா. இந்த அறையில எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் இருக்கு? உங்க வரிசைல முன் நாற்காலிக்காகச் சண்டை போட்டுக்கிட்டு எட்டு வருஷமா ரெண்டு பேர் பேசிக்காம இருக்கீங்களே, உங்களைத்தான் கேக்கறேன்."

செல்லோக்காரர் உட்கார்ந்துவிட்டார். நிஷிவாகி வேறு யாராவது பேச விரும்புகிறார்களா என்று கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. சீட்டுகள் வழங்கப்பட்டன, மடிக்கப்பட்டன, பெட்டியில் விழுந்தன. நிஷிவாகியும் மற்றொருவரும் இரண்டு முறை எண்ணினார்கள். பிறகு நிஷிவாகி எழுந்து முடிவைப் படித்தார்.

வாக்களித்தோர் 57. தேவை 38. ஆதரவு 39, எதிர்ப்பு 14, வெற்றுச் சீட்டு 4.